வாளியில் போன பிள்ளை

போன வாரம் மாசாய் சந்தைக்குப் பேரனோடு போயிருந்தேன். தன் கைக்குழந்தையைத் துணிப்பையில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் காய்கறியோடு நடந்தான். பிள்ளை நழுவிவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு நடந்ததில் நான் இரண்டு பேர்மேல் மோதினேன். மீன் விற்கிற அம்மா, "ஒங்க பேரன் ஸ்ட்ராங்கான அப்பா லா, தாத்தா" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை கக்கியது. புளித்த பால் வாடை. கித்தாப் பால், அதாவது ரப்பர் பால், புளித்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் நாறும். எனக்கு அது போதும். மனசால் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

என் முப்பது வயதுவாக்கில் அங்கே பால் வெட்டினேன். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன். மழை வந்தால் கவலை, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கவலை. பக்கத்து வீட்டுக் கருப்பண்ணன் நேர் எதிர். ஊரே அவரை 'இரும்பு' என்றுதான் கூப்பிடும். தோளில் காண்டாக் கம்பு, இரு முனையிலும் தளும்பத் தளும்பப் பால் வாளி; மேட்டில் ஓட்டமாக ஏறுவார், ஒரு சொட்டு சிந்தாது. பலசாலி என்றால் அன்று அதுதான். அதே தோளில் பெற்ற பிள்ளையைச் சாத்திக்கொண்டு ஓர் ஆண் வெளியே வந்தால், அவன் மானம் அன்றோடு சரி.

ஒருமுறை கருப்பண்ணன் மனைவி செல்லம்மா குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டாள். பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டால்தான் அவர் வேலைக்குப் போகலாம். கொட்டகைக்கோ, விடியலில் எல்லாரும் பேர் கொடுக்க நிற்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

கருப்பண்ணன் ஒரு வாளியைக் கழுவி, பழஞ்சேலையை மடித்துப் போட்டு, பிள்ளையை உள்ளே உட்கார வைத்தார். எடை சரியாக நிற்க மறு வாளியில் அம்மிக்குழவி.

"அண்ணே, கயிறு அறுந்துட்டா?" என்றேன்.

"மொதல்ல ஒன் வாயி அறுந்து விழணும்டா."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காண்டாவோடு களத்தில் நடந்தார். பாதி வழியில் வாளி வீறிட்டது.

"என்னடா இரும்பு, வாளி அழுவுது?" என்றார் கங்காணி.

"ஓட்ட வாளிங்க" என்றார் இவர்.

பெண்கள் சிரித்த சிரிப்பில் கங்காணிக்குப் பேர் கூப்பிடுவதே நின்றுபோயிற்று.

பொழுது சாய்ந்ததும், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் செல்லம்மாவின் ஈனக்குரல்: "வாளியில தூக்குனா ஆம்பள, தோள்ல தூக்குனா ஆம்பள இல்லயா? எந்த ஊரு ஞாயம் இது?" அவமானத்தில் கருப்பண்ணன் தோட்டத்தை விட்டே போய்விடுவாரோ என்று விடியும்வரை சுவரில் காதை வைத்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் பிள்ளை தோளில் இருந்தது. களமே திரும்பிப் பார்த்தது.

"இரும்பு துருப்புடிச்சிருச்சே" என்றார் கங்காணி.

"வழியெல்லாம் நனைச்சிக்கிட்டே வந்துச்சுங்க. புடிக்காம என்ன செய்யும்?"

மறுபடி சிரிப்புத்தான். ஆனால் இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார். கொஞ்ச நாளில் வேறு இரண்டு தகப்பன்மார் பிள்ளையோடு கக்கூஸ் பின்னால் இருந்த ஒற்றையடிப் பாதையில் பதுங்கிப் போனார்கள். பிறகு அவர்களும் களத்து வழியே வந்தார்கள்.

அந்த இடத்தில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கிற செம்பனை. காண்டாக் கம்பு போயிற்று, ஆயாக்கொட்டகை போயிற்று. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் போனது, களமே திரும்பிப் பார்த்த அந்தப் பார்வைதான். சில வருசம் கழித்து என் மூத்தவனைத் தோளில் சாத்தி, வழுக்குமோ, பாம்பு கிடக்குமோ என்று அடிமேல் அடி வைத்துக் களத்துக்குள் போனேன். கங்காணி கேட்டால் சொல்ல நல்ல பதிலாக ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன்.

ஒருவரும் திரும்பவில்லை.