டாக்டர் முன்னால் போட்ட முடிச்சு

நாற்பது வருஷத்துக்கு மேல் பாவு பிணைத்தவள் நான். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீர்ந்துபோனால், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்க்க வேண்டும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு திருகு, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் இழை. அதைக் கண் பார்க்காது, விரல்தான் பார்க்கும். நான் பிணைத்த பாவில் இழை விட்டுப்போச்சு என்று சின்ன காஞ்சிபுரத்தில் யாரும் என் வாசலுக்கு வந்ததில்லை.

போன வருஷம் தறிக்கூடத்தில், தறிக்கு மேலே டிசைன் எடுக்க வைத்திருக்கும் ஜக்கார்டு பெட்டியின் கட்டை ஒன்று கழன்று என் வலது கையில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. அந்த இரண்டு விரலுக்கும் உணர்ச்சி மட்டும் வரவில்லை. பட்டு இழையைப் பிடித்தால், பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்றே தெரியாது. நஷ்ட ஈடு கேட்டு லேபர் ஆபீசில் மனு கொடுத்தோம். எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சொன்னது போதாதாம். இரண்டு பக்கமும் சேராத டாக்டர் ஒருவர் பார்க்க வேண்டும் என்றார்கள் முதலாளி பக்கத்து இன்சூரன்ஸ்காரர்கள். அந்தச் சேராத டாக்டரைப் பொறுக்கி எடுத்ததும் அவர்களேதான்.

போகும்போது பஸ்ஸில் மருமகள் படித்துப் படித்துச் சொன்னாள்.

"அத்த, முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. அங்க போய் உங்க பெருமையப் பேசாதீங்க."

"எனக்கு என்னாடி பெருமை?"

"இப்ப எந்திரிச்சு எடம் குடுத்த பொண்ணுகிட்ட, 'எனக்கு நிக்கத் தெரியும் போம்மா'ன்னீங்களே, அதான்."

காலையில் போனவர்களை மத்தியானம்தான் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார்.

"வீட்ல சமையல் யாரும்மா?"

"நான்தான்."

"துணி துவைக்கிறது?"

"அதுவும் நான்தான். யார் கையையும் எதிர்பாக்கிற பொம்பள இல்ல நான்."

மருமகள் முழங்கையால் இடித்தாள். எல்லாம் செய்வது அவள்தான். நான் இடது கையால் காய் அலசிக் கொடுப்பதோடு சரி. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சலாக வருகிறது.

பிறகு பலம் அளக்கும் முள் வைத்த ஒரு பிடியை வலது கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். முள் ஏறியது. பரீட்சையில் பாஸ் ஆனதுபோல் சந்தோஷப்பட்டேன். உள்ளங்கையில் பலம் இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? விரல் நுனியை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் மேஜை டிராயரிலிருந்து இரண்டு துண்டுத் தையல் நூல் எடுத்துப் போட்டார். "நெசவுக்காரங்கதானே, இது ரெண்டையும் சேருங்க பாப்போம்."

தையல் நூல் பட்டு இழைக்கு முன்னால் கயிறு மாதிரி. அதையே திருகிப் பார்த்தேன், நிற்கவில்லை. மறுபடி திருகினேன், நழுவிக் கீழே விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தோற்றுப்போய் எழுந்திருக்க மனசு வரவில்லை. இடது கையும் பல்லுமாக ஒரு முடிச்சுப் போட்டு நீட்டினேன்.

எங்கள் வேலையில் முடிச்சு என்பது வேலை தெரியாதவள் போடுவது. இழைகள் நுழைந்து வரும் அச்சுப் பல்லில் மாட்டி அறுந்துவிடும். என்னால் ஆகவில்லை என்பதைத்தான் அவர் கையில் கொடுத்தேன். அவர் "வெரி குட்" என்றார்.

ரிப்போர்ட் வந்தது. மருமகள் தமிழில் படித்துச் சொன்னாள்: நூலில் முடிச்சுப் போட்டுக் காட்டினார், நுணுக்கமான விரல் வேலை செய்யக்கூடியவர், பழைய தொழிலைத் தொடரலாம்.

"முடிச்சா? நீங்களா போட்டீங்க அத்த?" என்றாள். அவளும் தறிக்காரி. ரிப்போர்ட்டை மடித்து உறையில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மருமகளோடு லேபர் ஆபீசுக்குப் போய் அதிகாரியிடம் ரிப்போர்ட் தப்பு, முடிச்சுப் போட்டது இழை சேர்த்தது ஆகாது என்றேன்.

"சேக்கிறதும் முடிச்சு போடுறதும் ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணுன்னா உன் வேட்டிய முடிச்சு முடிச்சா நெய்ஞ்சு தரட்டுமா பா?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. "அப்ப முடியலன்னு அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"வெக்கமா இருந்துச்சு பா. பிணைக்க வரல, அதனால முடிச்சு போட்டேன். அத எழுதிக்கோ."

வேகமாக ஏதோ எழுதினார். "எழுதிக்கினேன்மா, போய்ட்டு வாங்க."

மருமகள் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். எனக்குத் தலைகீழாகத் தெரிந்த எழுத்து கூடி வரவில்லை. ஃபைலைத் திருப்பி வைக்கச் சொன்னேன். பெருமூச்சு விட்டுக்கொண்டு திருப்பினார். பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள், நிற்கட்டும். விரலை வைத்துப் படித்தேன். 'மனுதாரர் மறு பரிசோதனை கேட்கிறார்.' அவ்வளவுதான். பிணைப்பும் இல்லை, முடிச்சும் இல்லை.

"இன்னும் ஒரு வரி பாக்கி இருக்குது பா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.