அம்மன் ஏறிய பலாப்பலகை

கினிகத்தேனையில் கோழிகள் குடியிருந்த பழைய டட்சன் பிக்கப் ஒன்றை வாங்கி வந்து, எஞ்சினைப் பிரித்து மாட்டி ஓட வைத்தான் கஜேந்திரன். அதுவரை தேயிலைத் தோட்டமே அவனை மெச்சியது. துருப்பிடித்து ஓட்டையாகிப்போன பின்தட்டில் பலாப்பலகை பதித்து, முகம் தெரியுமளவுக்கு வார்னிஷ் பூசினான் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி. அதன்பிறகு முட்டைக்கோஸ் மூட்டையைக்கூட ஏற்ற விடவில்லை. செருப்போடு ஏறியவர்களை இறக்கிவிட்டான். தன் மரக்கறிப் பாத்திக்கு மாட்டெரு கொண்டுபோக வண்டி கேட்டு நடையாய் நடந்தான் மச்சான் துஷாந்த்.

திருவிழாவுக்கு மாரியம்மனை ஊர்வலம் கொண்டுபோக வண்டி கேட்டபோது மட்டும் கஜேந்திரன் உடனே தலையாட்டினான்.

"அம்மன் ஏறுன வண்டியில இனி எவனாச்சும் சாணிய ஏத்துவானா?" என்று மனைவி சுலக்ஷனாவிடம் சிரித்தான்.

லயத்துக்கு லயம், வரிசை வீடுகளின் வாசலில், பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு காத்திருப்பார்கள் என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவேயில்லை. குடம் குடமாக ஊற்றினார்கள். பலகைமேலேயே தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தான் கஜேந்திரன். அம்மனை இறங்கு என்றா சொல்ல முடியும்?

மறுநாள் காலை அவன் மஞ்சளையும் கரியையும் தேய்த்துக்கொண்டிருக்கையில், தலையில் எரு மூட்டையோடு வந்து நின்றான் துஷாந்த்.

"இது அம்மன் ஏறுன வண்டி மச்சான்."

"தெரியாமலா இருக்கேன்?" என்ற துஷாந்த், செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தான். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூட்டையை ஏற்றினான்.