முகம் பார்க்காத கூட்டாளி

முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டப் போட்டிகளில் யோகனும் நானும் ஒரு சோடி. எதிரெதிரே இருந்து ஆடினாலும் அவன் என் முகத்தை நிமிர்ந்தும் பார்க்க மாட்டான். கண்ணால் குறிப்புக் காட்டி வெல்வது கள்ளாட்டமாம்.

"என்ர மூஞ்சிய என்னத்துக்குடா பாக்கிறாய்? சீட்டப் பாரு" என்று ஏசுவான். எனக்கு எரிச்சல்தான் வரும். மற்றச் சோடிகள் மூக்கைச் சொறிந்து காட்டியே வென்றுகொண்டிருந்தார்கள்.

சித்திரை வருசப் போட்டியின் கடைசி ஆட்டம் வாவிக்கரை வாசிகசாலையில் நடந்தது. பாதியில் இலங்கை ஆமி சுற்றிவளைத்தது. ஆம்பிளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, சாக்கால் முகம் மூடி, ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியைக் கொண்டுவந்தார்கள். யோகனுக்கு முன்னால் அந்தத் தலை ஆடியது.

"உன்ர கூட்டாளி ஆர்?" என்று ஒரு ஆமிக்காரன் அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"ஒருத்தரும் இல்ல, ஐயா. தனியத்தான் வந்த நான்."

என்னைக் கடந்துதான் அவனை இழுத்துப் போனார்கள். ஒரு பார்வை பார்த்திருந்தால் என்னையும் லொறியில் ஏற்றியிருப்பார்கள். அவன் நிலத்தைப் பார்த்தபடியே போனான். பிறகு வரவேயில்லை.

இன்றைக்கும் சீட்டு கைக்கு வந்தால், எதிரே இருப்பவனின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். கள்ளாட்டம் என்று ஏசுகிறார்கள். ஏசட்டும்.