கான்கிரீட் படகும் சிவப்பு ஸ்வெட்டரும்

கான்கிரீட்டில் படகு செய்யப் போகிறோம் என்றதும் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தே சிரித்தது. "அப்புறம் என்னடி, இரும்புல பட்டம் விடுவீங்களா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. சிரித்தால் சிரிக்கட்டும். சிவில் இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு இப்படி ஒரு போட்டி வெளிநாடுகளில் நடக்கிறது. படகைக் கான்கிரீட்டில் வார்த்து, அதில் உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். கடைசி வருடத்தில் எங்கள் கல்லூரிக்கு ஜெர்மனியிலிருந்து அழைப்பு வந்தது. இருவர் இருவராக மாறித் துடுப்புப் போடும் நால்வரை மட்டும் கல்லூரி அனுப்பும். அதில் நானும் ஒருத்தி.

கலவை என் பொறுப்பு. ஜல்லிக்குப் பதிலாகத் தெர்மாகோல் மணிகளைப் போட்டுக் கலப்பதும் உடைப்பதுமாகக் கைத்தோல் உரிந்தது. ஒருநாள் ஒரு துண்டு வாளித் தண்ணீரில் மிதந்தது. ஐயோ, லேபிலேயே குதித்தேன்! படகை வார்த்த பிறகு அது காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரச்சாக்கு போர்த்தி, ஞாயிற்றுக்கிழமைகூடப் போய்த் தண்ணீர் ஊற்றினேன்.

அப்பா பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் நான்தான். அதை அவர் யார் யாரிடமெல்லாம் காட்டினாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒருநாள் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று வாங்கிவந்தார்.

"நாங்க போறப்போ அங்க வெயில் காலம்பா."

"இருக்கட்டும்மா. ஃபாரின் வெயில் எப்படி இருக்குமோ, நாம என்ன கண்டோம்?"

படகு தயாரான பிறகுதான் பொறுப்பாசிரியர் போட்டி விதிகளில் வேறொரு பக்கத்தைக் காட்டினார். நீளம், கனம், வலு பற்றியெல்லாம் கரைத்துக் குடித்திருந்த நாங்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. துடுப்புப் போடுபவர்களுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் போட்டாலும் விலக்கு கிடையாது. எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் வருவதே பெரிய விஷயம். இதில் நீந்த எங்கே போவது?

அப்பா ஷிஃப்டை மாற்றிக்கொண்டு தினமும் காலையில் என்னை நீச்சல் குளத்துக்கு வண்டியில் கூட்டிப்போனார். கோச் "காலு ஹொடி, காலு ஹொடி!" என்று கன்னடத்தில் கத்துவார். காலை அடித்தால் மூச்சு போனது. மூச்சைப் பிடித்தால் கால் நின்றது. ஆசிரியர் வந்து பார்த்த நாளில் பாதிக் குளம் தாண்டினேன். அங்கே பயந்துபோய் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"விடும்மா, கைய விடு! இன்னும் கொஞ்ச தூரந்தான்!" என்று கம்பி வேலிக்கு வெளியிலிருந்து அப்பா கத்தினார்.

ஆசிரியர் தரையைப் பார்த்தபடி, "சாரிம்மா, ரிஸ்க் எடுக்க முடியாது" என்றார்.

எனக்குப் பதிலாக மூன்றாம் வருடப் பெண் ஒருத்தி போனாள். அவள் வீடு இருந்த அபார்ட்மெண்டிலேயே நீச்சல் குளம் உண்டு. நல்ல பெண் வேறு, மனசாரத் திட்டக்கூட முடியவில்லை. கிளம்பும் முன் எங்கள் வீட்டுக்கு வந்து, "நீங்க வராம கஷ்டமா இருக்குக்கா" என்றாள். அப்பா உள்ளே போய் அந்த ஸ்வெட்டரை எடுத்துவந்து, "அங்க குளிரும்மா, வெச்சுக்கோ" என்று கொடுத்தார். அவள் தலை மறைந்ததும் நான் அவர் மேல் பாய்ந்தேன்.

"அது என்னோடதுப்பா!"

"நீதான் போகலையேம்மா" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆத்திரமெல்லாம் அழுகையாகிப் போனது.

போட்டி முடிந்த மறுநாள் போனில் வீடியோ வந்தது. பார்க்கவே கூடாது என்றிருந்தேன். அப்பாதான் போனை வாங்கித் திறந்தார். ஏதோ ஒரு ஏரி. அதில் என் படகு அழகாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு பையன். பின்னால் அவள், லைஃப் ஜாக்கெட்டுக்குள் சிவப்பு ஸ்வெட்டரோடு, நமக்கு முதுகைக் காட்டித் துடுப்புப் போட்டாள்.

"பின்னாலேருந்து பாத்தா அப்படியே நீதாம்மா" என்றார் அப்பா. அவள் திரும்புவதற்குள் வீடியோவை நிறுத்திவிட்டார்.