நண்டு கிடைத்த இடம்

கூடுவாஞ்சேரி கிளினிக்கில் நர்ஸ் என் கையில் ஸ்பிரிட் தடவியதும் மாமல்லபுரம் கடற்கரை ஞாபகம் வந்துவிட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவின் வலையில் சிக்கிய மஞ்சள் கோடு போட்ட நண்டை, அருங்காட்சியகத்திலிருந்து வந்த சார் ஸ்பிரிட் பாட்டிலில் போட்டார்.

"இது புது இனம் போல இருக்கு. எங்க கிடைச்சுது?"

"கோயிலுக்கு எதிர்லதான் சார்," என்றார் அப்பா.

பொய். வடக்கே பாறைப் பக்கம் கிடைத்தது. மீன் படும் இடத்தை அப்பா யாருக்கும் சொல்லமாட்டார்.

புது இனமென்று பெயர் வைக்க அதேபோல் இன்னொரு நண்டாவது வேண்டுமென்று சார் திரும்பி வந்து, கோயிலுக்கு எதிரே நாலு நாள் தேடினார்.

"ஒண்ணுகூட காணோமே?"

"கடலு சார், அது இன்னா வூட்டு அண்டாவா?"

பஸ் ஏறும்போது சார் என்னிடம் கேட்டார்: "நீ வேற எங்கயாவது பாத்தியாம்மா?"

"இல்ல சார்."

அப்பா என் தலையைத் தடவினார். நான் விலகிக்கொண்டேன்.

"எங்கம்மா எழுந்திரிக்கிற? இன்னும் ஊசியே போடல," என்றார் நர்ஸ்.