எதிர் கோலில் என் தம்பி: ராஜபாளையத்தில் ஒரு பிராக்டிஸ் மேட்ச்

போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ராஜபாளையத்துக்குக் கால்பந்தாட்டம் பார்க்கப் போனேன். லீக் இல்லை, கோப்பை இல்லை. சீசன் தொடங்கும் முன் இரண்டு ஊர்க்காரர்கள் சும்மா ஆடிப் பார்க்கிற பிராக்டிஸ் மேட்ச். "இதுக்கா பஸ் ஏறிப் போற?" என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம், இதற்குத்தான்.

என் தம்பி ராபின் அங்கே ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறான். உள்ளூர் அணியில் கோல்கீப்பர். பேர்தான் கீப்பர், இரண்டு சீசனாக ஓரத்தில் உட்கார்ந்துதான் இருக்கிறான். முந்தின நாள் போன் பண்ணினான். "நாளைக்கு ஆடுறத வச்சுத்தான்க்கா கோல்ல நானா, புதுசா வந்த பயலான்னு முடிவு பண்ணப் போறாக. நான் இல்லன்னா பூட்ஸக் கழட்டிருவேன். நீ வாரியா?" அவனாக என்னை ஆட்டத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போகாமல் எப்படி?

மாட்டுத்தாவணியில் பத்தரை மணிக்கு பஸ். எண்பத்தைந்து கிலோமீட்டர், எண்பது ரூபாய்ச் சொச்சம் டிக்கெட், இரண்டரை மணி நேரம். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு ஏறி, என் மடியில் ஒரு பையை வைத்துவிட்டுப் போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜன்னலோரம் பால்கோவா வந்தது. வாங்கவில்லை. அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் பஸ் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டுப் பிரயோஜனமில்லை.

ராஜபாளையத்தில் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். சோழபுரம் போகிற ரோட்டில் மைதானம், நூறு ரூபாய். "பொம்பளையாளு தனியா பந்து பாக்கவா போறீக?" என்றார் டிரைவர். "ஏன், பொம்பளைக்குக் கண்ணு தெரியாதா?" என்றேன். அதற்கப்புறம் அவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

காலரி எல்லாம் கிடையாது. ஒரு பக்கம் ஒரு மில்லின் பின்சுவர், அதன் நிழலில்தான் கூட்டம். மூலைகளில் கொஞ்சம் புல், கோல் வாசல் கட்டாந்தரை. கிழிந்த வலையை நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். முதல் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்காக நாலு மணிக்குத்தான் ஆட்டம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அணி லோடு வேனில் வந்து இறங்கியது. கீப்பரைக் காணோம். அவரை மில்லில் ஓவர்டைமுக்கு நிறுத்திவிட்டார்களாம். உடனே உள்ளூர் கேப்டன் மாரியப்பன் இந்தப் பக்கம் திரும்பி, "ஏலே ராபினு, நீ அங்கிட்டுப் போ" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் டீ கேன் வைத்திருந்தவர்தான் விளக்கினார். "வந்தவகளுக்கு ஆள் கொறஞ்சா நம்மதான் ஆள் குடுக்கணும்க்கா. திருப்பி அனுப்பக் கூடாது. போற ஆளும் மொறையா ஆடணும். அதான் இங்க வழக்கம்."

நல்ல வழக்கம்! வேண்டாத ஆளைத்தானே தூக்கிக் கொடுப்பார்கள்? ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு பண்ணிவிட்டார்கள் என்று பற்றிக்கொண்டு வந்தது. எதிர் அணியின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு ராபின் தலைகுனிந்தபடி நடந்து போனான். உள்ளூர் கோலில் அந்தப் புதுப் பயல் போய் நின்றான்.

இருபதாவது நிமிடம். மாரியப்பன் அடித்த பந்தில் வேகமே இல்லை. தரையில் ஏதோ கல்லில் பட்டு எகிறி, ராபின் தோளுக்கு மேலே உள்ளே போய்விட்டது. கோலுக்குப் பின்னால் சிவப்புத் துண்டு போட்டு நின்றவர் வேனில் வந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களின் மேனேஜர். அவர் கத்தினார்: "சொந்த டீமுக்கு விட்டுக் குடுத்துட்டான்யா!"

கோல் போனதுகூடப் பரவாயில்லை, இந்தப் பேச்சை எப்படிப் பொறுப்பது? எழுந்துவிட்டேன். டீக்காரர் எனக்கு முன்னால் கையை நீட்டி மறித்தார். "உக்காருங்கக்கா. நீங்க போனா அவனுக்குத்தான் அசிங்கம்." பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இடைவேளையில் இரண்டு கூட்டமும் தனித்தனியாகத் தண்ணீர் குடித்தது. ராபின் எதிலும் சேராமல் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான், வரவில்லை. அங்கேயே ஓடிப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாமா என்றிருந்தது.

இரண்டாம் பாதியில் மலையிலிருந்து காற்று வீச ஆரம்பித்தது. வேன்காரர்கள் ஒரு கோல் போட்டு சமன் செய்தார்கள். அதன் பிறகு உள்ளூர்க்காரர்கள் விடவே இல்லை. மூன்று பந்து வரிசையாக வந்தது, மூன்றையும் ராபின் தட்டிவிட்டான். சுவரோரம் இருந்தவர்களில் ஒருத்தரும் கை தட்டவில்லை. நான் மட்டும் தட்டினேன். எல்லாரும் திரும்பி முறைத்தார்கள்.

முடிய நாலைந்து நிமிடம் இருக்கும்போது பெனால்டி. அடிக்க வந்தவன் மாரியப்பன். "ஏலே, நம்ம ஊருக்கு விட்ருலே!" என்று சுவரோரத்தில் சிரித்தார்கள். சிவப்புத் துண்டுக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார். விட்டால் துரோகி, பிடித்தாலும் துரோகி. என் வாயில் மாதாவே, மாதாவே என்றுதான் வந்தது.

மொத்தென்று ஒரு சத்தம். ராபின் குப்புறக் கிடந்தான், பந்து அவன் வயிற்றுக்கடியில் இருந்தது.

ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. சிவப்புத் துண்டுக்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நேரே ராபினிடம் போய், "தம்பி, எங்க டீமுக்கு வந்துருதியா? வண்டி அனுப்புதேன்" என்றார். ராபின் வாயைத் திறப்பதற்குள் மாரியப்பன் குறுக்கே வந்தான்.

"அண்ணே, இரவல்தான் குடுத்தோம். தானமாக் குடுக்கல. அடுத்த மாசம் எங்க கோல்ல அவன்தான் நிக்கணும்."

"அப்ப ஏன்ப்பா அவனத் தூக்கிக் குடுத்த?" என்று கேட்டே விட்டேன்.

"எங்க பக்கம் நின்னா எங்க அடிய அவன் எப்பக்கா பிடிப்பான்?" என்று சிரித்தான். ராபின் கிளவுஸைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நானும்தான்.

நீங்களும் போவதாக இருந்தால்: ஜூன், ஜூலை ஞாயிறுகளில் இந்த ஆட்டங்கள் இருக்கும், ஆனால் உள்ளூரில் யாரையாவது கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். டிக்கெட் கிடையாது. கழிப்பறையும் கிடையாது, பஸ் ஸ்டாண்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். சுவர் நிழல் வேண்டுமென்றால் மூன்றரைக்கே போய்விட வேண்டும். திரும்பி வரும்போது ஆட்டோ கிடைக்காது, கொண்டுவந்து விட்ட டிரைவரின் நம்பரை வாங்கி வையுங்கள். நான் வாங்கவில்லை. ராபின்தான் பைக்கில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டு வந்து விட்டான்.

வழியில் திரும்பாமலே கேட்டான். "பெனால்டியப் பாத்தியாக்கா? மாரி எப்பவும் வலப்பக்கம்தான் அடிப்பான். நேத்து எடப்பக்கம் அடிச்சுப் பழகுனத ஒளிஞ்சு நின்னு பாத்தேன். எப்படிப் பாஞ்சேன், பாத்தியா?"

"பாத்தேன்டா" என்றேன்.

பார்க்கவில்லை. மாரியப்பன் பந்தை வைத்ததுமே நான் கண்ணை இறுக்கி மூடிவிட்டேன். எண்பத்தைந்து கிலோமீட்டர் போய், என் தம்பி பாய்ந்ததை நான் மட்டும் பார்க்கவில்லை. உங்களில் யாருடைய தம்பியாவது கோலில் நின்றால், என்ன ஆனாலும் சரி, கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.