ராஜாமணியின் ஊக்கு

செய்தி கைபேசியில்தான் வந்தது. "எங்கள் துறை உதவியாளர் ராஜாமணி எருமப்பட்டியில் தம் வீட்டில் மாரடைப்பால் காலமானார்." கல்லூரிக் குழுவில் இதைப் போட்டவர் இயற்பியல் துறைத் தலைவர். உதவியாளர் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு அழுகை நின்று ஆத்திரம் வந்துவிட்டது. ராஜாமணியம்மாவை அறிந்த உங்களுக்காகவும், அவர் தலையில் மிளகாய் அரைத்த அந்த ஒருவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

துறையில் இருக்கும் பச்சை லேசரைச் செய்தவர் ராஜாமணி. இரண்டு கோடை விடுமுறைகளை அதற்குக் கொடுத்தார். கல்லூரிப் பட்டறையில் லேத் ஓட்டும் நான் பித்தளைத் தாங்கியை மட்டும் கடைந்து தந்தேன். டயோடிலிருந்து வரும், கண்ணுக்குப் புலப்படாத வெளிச்சம் இரண்டு சிறு படிகங்களுக்குள் போய்ப் பச்சையாக வெளியே வரும். டயோடுக்கு மின்சாரத்தைச் சீராக அளந்து ஊட்டும் டிரைவர் சர்க்யூட்டையும் அவரே பற்றவைத்தார்.

முதல் டயோடு அவர் கையாலேயே செத்தது. அவசரத்தில் டிரைவரை அணைக்காமல் வயரைக் கழற்றி மாட்டிவிட்டார். கெப்பாசிட்டரில் தேங்கியிருந்த மின்சாரம் ஒரே பாய்ச்சலில் பாய்ந்துவிட்டது. "நானே கொன்னுபோட்டனுங்ணா" என்று அன்று முழுவதும் சாப்பிடாமல் இருந்தார். இரண்டாவது டயோடு வந்ததும், வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி டயோடின் இரண்டு கம்பிக் கால்களையும் சேர்த்துப் பூட்டினார். "இது சும்மா இருக்கறப்பெல்லாம் ஊக்கு இருக்கோணுமுங்ணா. எந்தக் கரண்ட் வந்தாலும் டயோடுக்குள்ள போகாம இதுலயே போயிரும்."

ஆய்வுக்குழு வந்த அன்று லேசர் பெட்டியின் மேல் ஒரு பித்தளைப் பலகை இருந்தது. வடிவமைப்பு என்று போட்டுத் தலைவரின் பெயர். ராஜாமணியை டீ எடுத்துவரச் சொன்னார்கள். எடுத்துவந்தார். எனக்கு வயிறு எரிந்தது. "ஏனுங்க, வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டேன். "பேர ஒட்டிக்கட்டுமுங்ணா. அது எரியோணும்னா நான்தானுங்களே போகோணும்" என்றார். அப்படித்தான் நடந்தது. விருந்தினர் வருமுன் போய் மூடியைத் திறந்து ஊக்கை எடுப்பார். அவர்கள் போனதும் மறுபடி பூட்டுவார். தலைவர் ஒரு நாளும் அந்த மூடியைத் திறந்தவரில்லை.

இரங்கல் கூட்டத்துக்குத் தலைவர் லேசரையே மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார். "நான் உருவாக்கிய ஒளியால் அஞ்சலி செலுத்துகிறேன்" என்று ராஜாமணியின் படத்தை நோக்கி சுவிட்சைப் போட்டார். மீட்டரில் முள் ஏறியது. வெளிச்சம் வரவில்லை. குமிழை இன்னும் திருகினார். முள் இன்னும் ஏறியது. முன்வரிசையில் ராஜாமணியின் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"தங்கவேலு, என்னய்யா இது? கரண்ட் போகுது, எரிய மாட்டேங்குதே?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்க பண்ணுனதுங்க சார். எனக்கென்னங்க தெரியும்?"

மைக் அணைக்கப்படாமல் இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசை வரை வந்தது. இரங்கல் கூட்டத்தில் சிரிக்கலாமா என்று கேட்காதீர்கள். எனக்கு அன்றுதான் நெஞ்சு குளிர்ந்தது. கூட்டம் முடிந்ததும் தலைவர் என்னைத் தம் அறைக்குத் தனியாக அழைத்து மறுபடி கேட்டார். "யார் செஞ்சதுன்னு மைக்குல சொல்லுங்க சார், நானும் சொல்றனுங்க" என்றேன். அவர் மைக் பக்கமே போகவில்லை. பெட்டி அலமாரிக்குள் போய்விட்டது.

இப்போது விஷயத்தை நானே எழுதிவிட்டேன். இதைப் படித்துவிட்டு அவர் ஊக்கை எடுக்கலாம். டயோடு சாகவில்லை, பச்சை வெளிச்சம் வரும். அது எப்படி வந்தது என்பது இனி உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ராஜாமணியின் பொறுமை எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம். என் மேசை இழுப்பறையில் ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. அதில் ராஜாமணி என்று நானே வெட்டியிருக்கிறேன். நான்கு திருகுத் துளைகளையும் தலைவருடைய பலகையின் அளவுக்கே போட்டு வைத்திருக்கிறேன்.